கம்பத்துப் பையனும் திறனாய்வாளர் தராசும்

பேராக் மாநிலத்தில், கிந்தாப் பள்ளத்தாக்கில், கோப்பெங்கை அடுத்துக் கோத்தா பாரு என்றொரு சிற்றூர் உண்டு. கிளந்தான் தலைநகரின் பெயரையே அதுவும் தாங்கி நிற்பதால் வெளியூரார் மயங்குவர். 1951ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த முகமது நோர் காலிட் என்பாரை நாடு 'லாட்' என்ற ஈரெழுத்துப் பெயரால் மட்டுமே அறியும். உருண்டை முகக் குழந்தையை 'புலாட்' என வீட்டார் அழைக்க, அச்சொல்லின் வால் மட்டும் நிலைத்துவிட்டது. அவர் வரைந்த 'கம்பத்துப் பையன்' என்னும் சித்திர நூல் 1979இல் வெளிவந்தது. அந்நூல் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடராக மாறியபோது திறனாய்வாளர் அதனை எவ்வாறு எடைபோட்டனர் என்பது, தமிழ் பயிற்றுவோரும் பயில்வோரும் எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறாகும்.

நூலுக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. முதற்பதிப்பு சில மாதங்களிலேயே விற்றுத் தீர்ந்தது. ஒரு சிறுவன் பிறக்கிறான், ஆற்றில் நீந்துகிறான், ஓதப் பழகுகிறான், தோழருடன் திருட்டுத்தனமாக ஈயம் அலசித் தந்தையிடம் அகப்பட்டுக் கொள்கிறான், இறுதியில் தேர்வில் வென்று ஈப்போ நகருக்குப் படிக்கச் செல்கிறான். அவ்வளவே கதை. ஆயினும் அவன் புறப்படும் வேளையில் ஈய நிறுவனம் கம்பத்து நிலத்தை அளந்துகொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டியவர் அவ்விடத்தில் சற்றே நின்றுவிடுவர். நீரில் மிதந்தபடி நிலத்தை அகழும் ஈயக் கப்பல்களை அறிந்த பேராக் வாசிகளுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1981இல் வந்த 'நகரத்துப் பையன்' அதே சிறுவனின் ஈப்போ வாழ்க்கையையும், பிராங்கி என்னும் சீனத் தோழனுடன் கொண்ட நட்பையும் காட்டியது.

தொலைக்காட்சித் தொடர் 1997இல் முன்னோட்டம் கண்டு, 1999இல் ஆஸ்ட்ரோவில் முழுமையாக வலம் வந்தது. மொத்தம் 26 பகுதிகள். பல நாட்டுக் கைகள் கூடி உருவாக்கிய படைப்பு அது. பேய் உறைவதாக அஞ்சப்படும் ஆலமரம் ஒன்றை மையமாகக் கொண்ட பகுதி, அவ்வாண்டே பிரான்சு நாட்டின் அன்னெசி அசைவுப்பட விழாவில் தொலைக்காட்சித் தொடருக்கான பரிசைப் பெற்றது. அயலார் பாராட்டினர்; உள்ளூரிலோ குறையும் எழுந்தது. கம்பத்து மாந்தர் பேசும் ஆங்கிலம் மலேசியர் வாயில் பயிலும் ஆங்கிலமாக இல்லை என்றனர் சிலர். மற்றும் சிலர் அதனை அமெரிக்காவின் 'சிம்ப்சன்ஸ்' தொடரோடு ஒப்பிட்டனர்.

அந்தச் 'சிம்ப்சன்ஸ்' பட்ட பாடும் அறியத்தக்கதே. 1989 டிசம்பரில் தொடங்கிய அத்தொடர், குழந்தைகளுக்குரியது எனக் கருதப்பட்ட கேலிச்சித்திர வடிவத்தில் பெரியவர்களின் குடும்பத்தையும் பள்ளியையும் அரசையும் நையாண்டி செய்தது. அதன் சிறுவன் உருவம் பொறித்த சட்டைகளை அமெரிக்கப் பள்ளிகள் சில தடைசெய்தன. 1992இல் அந்நாட்டு அதிபர் மூத்த புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப் போலிருத்தல் வேண்டா என்று மேடையிலேயே பேசினார். ஏழாண்டுகள் கழிந்தன. 1999இன் இறுதியில் 'டைம்' இதழ் அதனையே நூற்றாண்டின் சிறந்த தொலைக்காட்சித் தொடராகத் தேர்ந்தது! தொடர் முற்றிலும் மாறிவிட்டதா என்ன? தராசு பிடித்த கைகளே பெரிதும் மாறின.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். நகை பிறக்கும் நிலைக்களன்களாக இளமை, பேதைமை, மடமை, எள்ளல் ஆகிய நான்கனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சுட்டுவார். வகுப்பில் மனனம் செய்வித்துத் தேர்வோடு மறந்துவிடும் பகுதி இது. 'சிம்ப்சன்ஸ்' பெரிதும் எள்ளலின்மேல் நிற்பது. தந்தையின் மடமை அதற்குத் துணை. லாட்டின் நகையோ இளமையிலும் பேதைமையிலும் பிறப்பது. அங்கே தந்தையைக் கண்டு சிரிக்கிறோம்; இங்கே தந்தைக்கு அஞ்சும் சிறுவனோடு சேர்ந்து சிரிக்கிறோம். இரண்டிலும் ஒரு குடும்பமும் குறும்புச் சிறுவனும் உண்டென்பதால் ஒன்றின் அளவுகோலை மற்றொன்றின்மேல் வைத்தல் பொருந்தாது என்பதே என் கருத்து. 'சிம்ப்சன்ஸ்' படைப்பாளர் மேட் குரோனிங் லாட்டின் சுவைஞர். 2006இல் 'கம்பத்துப் பையன்' அமெரிக்கப் பதிப்பாக வெளிவந்தபோது அதற்குப் பாராட்டுரை வழங்கியவரும் அவரே. ஒப்பிட்டோர் இதனை எவ்வாறு கொண்டனரோ!

மொழி பற்றிய குறை அவ்வாறு தள்ளத்தக்கதன்று. மண்ணின் நகைச்சுவையில் பாதி, பேச்சின் நெளிவில் இருக்கிறது. உலகச் சந்தைக்கென அதனைச் சமன்செய்தால் உருவம் கம்பத்ததாகவும் குரல் வேற்றூராகவும் ஆகிவிடும். அக்குறையைச் சுட்டியவர்கள் தம் கடமையைச் செய்தனர்.

இவ்விடத்தில் நம் தோட்டப்புறம் நினைவுக்கு வருகிறது. லாட்டின் கம்பத்தை ஈயம் விழுங்க வந்தது போலவே, பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடல் விழுங்கியது. சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தது அதனைத் தடுக்கத்தான். பின்னர் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் வெறுமையாயின. தமிழகத்து அகிலன் இங்கு வந்து கண்டு 'பால்மரக் காட்டினிலே' என்னும் புதினம் எழுதினார். நம்மவர் சிறுகதைகளும் புதினங்களும் பல உண்டு. ஆனால் அவற்றுள் மேலோங்கி நிற்பது அவலச்சுவை. தோட்டத்துச் சிறுவனின் இளமையையும் பேதைமையையும் கோடுகளால் வரைந்து நாட்டையே சிரிக்கவைக்க ஒரு லாட் நமக்கு வாய்க்கவில்லை.

வாய்த்தாலும், அவன் தன் மாந்தரை எந்தத் தமிழில் பேசவிடுவான்? விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் 'பெரட்டு' என்றும், ரப்பரைக் 'கித்தா' என்றும், குழந்தைகளை விட்டுச் சென்ற இடத்தை 'ஆயாக் கொட்டகை' என்றும் சொன்ன மக்கள் அவர்கள். பாட்டியிடம் கேட்டறிந்து அச்சொற்களை ஒரு மாணவன் கட்டுரையில் எழுதினால், சிவப்பு மையால் முதலில் கோடிடுபவர் ஆசிரியர்களாகிய நாமே.