பொய் வாத்தின் மெய்க் கதை

2007-ம் வருடம் அமெரிக்காவில் இரண்டு மரப் பறவைகள் கைமாறின. ஒன்று, அலகால் இறகைக் கோதிக்கொண்டிருக்கும் வாத்து. இன்னொன்று, தலையைத் திருப்பி முதுகில் வைத்துத் தூங்கும் கனடா கூஸ் என்கிற பெரிய வாத்து. விலை? ஒவ்வொன்றும் 11 லட்சத்து 30 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் நம்மூர்ப் பணத்துக்குச் சுமார் நாலரைக் கோடி ரூபாய்!

தங்கத்தில் செய்ததா? இல்லை. வைரம் பதித்ததா? அதுவும் இல்லை. மரம், மேலே எண்ணெய் பெயின்ட். அவ்வளவுதான். செதுக்கியவர் எல்மர் க்ரோவெல். மாசசூஸெட்ஸ் மாநிலத்தில் ஈஸ்ட் ஹார்விச் என்ற சின்ன ஊர்க்காரர். 1952-ல் காலமாகிவிட்டார்.

இந்த மாதிரி மரப் பறவைகளுக்கு டிகாய் என்று பெயர். ஷோகேஸில் வைக்கப் பிறந்தவை அல்ல இவை. நிஜ வாத்தை ஏமாற்றித் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் பிறந்தவை.

சூட்சுமம் ரொம்ப எளிது. வாத்து கூட்டம் தேடும் பறவை. கீழே பத்து வாத்துகள் நிம்மதியாக மிதந்தால், அங்கே இரை இருக்கிறது, ஆபத்து இல்லை என்று மேலே பறக்கிறவை முடிவு செய்துவிடும். கூட்டம் நிற்கிற ஹோட்டலாகப் பார்த்து நாம் நுழைவதில்லையா... அதே கணக்கு!

தமிழில் இதற்குப் பழைய சொல்லே உண்டு. பழக்கிய மானைக் காட்டில் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைப்பார்கள். அதற்குப் 'பார்வை மான்' என்று பெயர். அமெரிக்காவிலும் உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து வேட்டையாடியிருக்கிறார்கள். 1935-ல்தான் அதைத் தடை செய்தார்கள். ஆனால் மர வாத்துக்கு ஒரு வசதி. தீனி போட வேண்டாம்!

இந்தத் தந்திரத்தை வெள்ளைக்காரர்தான் கண்டுபிடித்தார் என்று நினைத்தால் நெவாடா மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே லவ்லாக் என்ற குகையில் 1924-ல் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். ஒரு குழிக்குள் பத்திரமாகப் புதைத்து வைத்த 11 பொய் வாத்துகள் கிடைத்தன. கோரையைக் கட்டி உடம்பு, கோரையை மடித்துத் தலை, மேலே வர்ணம், சிலவற்றுக்கு நிஜ இறகு. வயது? ஏறக்குறைய 2,000 வருடம். செய்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அடுத்த சீஸனுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தவர் திரும்பி வரவே இல்லை.

அவை எந்த வாத்தைப் பார்த்துச் செய்தவை என்றுகூடச் சொல்ல முடிகிறது. கேன்வாஸ்பேக்! ஆண் வாத்துக்குச் செம்பழுப்புத் தலை, கறுப்பு மார்பு, வெளுத்த முதுகு. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

19-ம் நூற்றாண்டில் ரயில் வந்தது. அதோடு வாத்துக்குக் கெட்ட காலமும் வந்தது. அதுவரை வேட்டைக்காரர் தன் வீட்டுக்குச் சுட்டார். மிஞ்சினால் பக்கத்து ஊருக்கு விற்றார். ரயில் வந்த பிறகு காலையில் சுட்டதைப் பெட்டியில் அடைத்துப் பெரு நகரத்துக்கு அனுப்பலாம். மேரிலாண்ட் பக்கம் செஸபீக் வளைகுடாவில் தண்ணீருக்கடியில் வளரும் ஒரு புல்லைத் தின்று வளர்ந்த கேன்வாஸ்பேக்குக்குத் தனி ருசி என்று பெயர். பெரிய ஹோட்டல்களின் விருந்துகளில் அதுதான் ராஜா.

வாத்து சுடுவதே முழுநேரத் தொழிலானது. சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. தண்ணீர் மட்டத்தோடு மட்டமாக மிதக்கும். வேட்டைக்காரர் அதற்குள் மல்லாந்து படுத்துக்கொள்வார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மர வாத்துகள். பெட்டியைத் தண்ணீரில் அமுக்கி வைக்க, அதன் ஓரப் பலகைகளில் இரும்பு வாத்துகள்! மேலே பறக்கிற வாத்துக்கு மனிதர் இருப்பதே தெரியாது.

நூற்றுக்கணக்கில் பொய் வாத்து வேண்டும் என்றால் யார் செய்வது? அந்தந்தக் கரையோர ஊர்க்காரர்கள்தான். மீனவர், படகு கட்டுகிறவர், வேட்டைக்கு வழிகாட்டுகிறவர்... வேலை இல்லாத நாட்களில் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து செதுக்கினார்கள். தண்ணீரில் எளிதில் அழுகாத சீடர் மரம் கிடைத்தால் நல்லது. கைக்கோடாலியால் உருவம் கொத்துவார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த சீவுகத்தியால் இழைப்பார்கள். தலையைத் தனியாகச் செதுக்கிப் பொருத்துவார்கள். கவிழாமல் இருக்க அடியில் ஈயக்கட்டி, அடித்துக்கொண்டு போகாமல் இருக்கக் கயிறும் நங்கூரமும்.

பெயின்டில்தான் விஷயமே இருக்கிறது. மினுமினுப்பு கூடவே கூடாது. வெயிலில் பளிச்சென்று மின்னினால் வாத்து மிரண்டு விலகிவிடும். ஒவ்வொரு இறகும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தூரத்திலிருந்து, பறக்கிற கண்ணுக்கு வாத்தாகத் தெரிந்தால் போதும். எதை விடுவது, எதை வைப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த ஓவியப் பள்ளியும் அல்ல. ஏமாற மறுத்த வாத்துகள்தான்.

இப்படிச் சுட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? வானத்தையே மறைத்துப் பறந்த பாஸெஞ்சர் புறாக்களில் கடைசிப் புறா 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்துப்போனது. நாடே விழித்துக்கொண்டது. முறைகேடாகச் சுட்ட பறவைகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்ப 1900-லேயே தடை வந்திருந்தது. 1918-ல் வலசைப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீஸனில் வேட்டையாடலாம், சுட்டதைச் சந்தையில் விற்கக் கூடாது. வாத்து வியாபாரம் படுத்தது. டெட்ராய்ட் நகரில் புகழோடு இருந்த மேசன் டிகாய் தொழிற்சாலை 1924-ல் மூடப்பட்டது.

காமர்ஸ் படித்தவரைக் கேட்டால், தேவை போனால் விலையும் போகும் என்பார். இங்கே நடந்தது நேர் எதிர்!

1918-ல் ஜோயல் பார்பர் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர் கையில் ஒரு பழைய மர வாத்து சிக்கியது. இது சிற்பமய்யா என்று அவருக்குப் பட்டது. தேடித் தேடிச் சேர்த்தார். 1934-ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அடுப்பு விறகாகப் போக இருந்தவை அலமாரிக்கு ஏறின.

செய்கிறவர்களும் மாறினார்கள். மேரிலாண்டின் கிரிஸ்ஃபீல்டில் லெம், ஸ்டீவ் என்று வார்ட் சகோதரர்கள். தொழில், முடி வெட்டுவது! வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அண்ணன் ஸ்டீவ் செதுக்குவார்; தம்பி லெம் பெயின்ட் அடிப்பார். மரத்தில் கள்ள வாத்து அச்சடிக்கிறவர்கள் என்று தங்களுக்குத் தாங்களே பட்டமும் கொடுத்துக்கொண்டார்கள். அதே மாநிலத்தில் ஹாவ்ர் டி கிரேஸ் ஊரின் மேடிசன் மிட்செலுக்குச் சவ அடக்கம் நடத்திக் கொடுப்பது தொழில். மிச்ச நேரத்தில் வாத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் டிகாய் மலிவாக வந்ததும், கை வேலை முக்கால்வாசி அழகுக்கான வேலையாகிவிட்டது.

சரி, நிஜ வாத்து என்ன ஆயிற்று? சட்டம் மட்டும் போதவில்லை. 1930-களின் பஞ்சத்தில் சதுப்பு நிலங்கள் காய்ந்தன. அப்போது வனவிலங்குத் துறைப் பொறுப்பில் இருந்தவர் டிங் டார்லிங். அடிப்படையில் கார்ட்டூனிஸ்ட்! 1934-ல் வாத்து ஸ்டாம்ப் வந்தது. முதல் படத்தை டார்லிங்கே வரைந்தார். வாத்து சுட விரும்புகிறவர் வருடா வருடம் அதை வாங்கியாக வேண்டும். அன்றைக்கு 1 டாலர்; 2015-லிருந்து 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களுக்குப் போகிறது. இதுவரை காப்பாற்றிய நிலம் 60 லட்சம் ஏக்கருக்கு மேல். சுடுகிறவர் பணத்திலேயே வாத்துக்கு வீடு! கேன்வாஸ்பேக் இன்றைக்கும் செஸபீக்குக்கு வந்து போகிறது.

எல்லாப் பறவைக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எஸ்கிமோ கர்லூ என்று வளைந்த மூக்கோடு ஒரு கரைப் பறவை. அதையும் இப்படித்தான் கூட்டம் கூட்டமாகச் சுட்டு விற்றார்கள். சட்டம் வந்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசியாக உறுதிப்பட்ட கர்லூ 1963-ல் பார்படோஸ் தீவில் கிடைத்தது. அதுவும் சுடப்பட்டுத்தான். அதன் பிறகு உறுதியான தடயம் எதுவும் இல்லை.

அதை ஏமாற்றச் செய்த மரக் கர்லூக்கள் மட்டும் சேகரிப்பாளர்களிடம் பத்திரமாக இருக்கின்றன.