கொல்லிமலைக்கு ஏற்ற ஒளி

கற்சுவரிலும் கட்டடத்திலும் படம் விழச்செய்யும் புரொஜெக்‌ஷன் மேப்பிங்குக்குக் கருவி தேடுவோர் பெரும்பாலும் பிக்சல் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் படம் காட்டும் தொழில் வளர்ந்த விதத்தைப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டியது வேறு: ஒளி எங்கிருந்து வரும், அதைச் சுமந்துபோக முடியுமா? 1905-இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் படங்களையும் வாங்கி, வேலையை விட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். பெரும்பாலான ஊர்களுக்கு அன்று மின்சாரம் வரவில்லை. சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன், ஹைட்ரஜன் சுடரில் பழுக்கவைத்து எழும் வெள்ளொளியோ, கூடவே எடுத்துச்செல்லும் டைனமோவில் எரியும் கார்பன் ஆர்க்கோதான் அக்காலக் காட்சியாளர்களுக்கு வழி. கார்பன் குச்சிகள் எரிய எரியத் தேய்ந்து இடைவெளி அகலும். ஆபரேட்டர் அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கவனம் பிசகினால் திரை மங்கிவிடும். 1914-இல் வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கனமான கருவி பொருந்துவது அப்படி ஓரிடத்தில் நிலைத்த அரங்குக்குத்தான்.

பிற்காலத்தில் கிராமங்களில் 16 மி.மீ. புரொஜக்டர் பரவியதற்கு மலிவுதான் காரணம், ஒளியல்ல என்று மறுக்கலாம். மலிவு உண்மைதான். ஆனால் 16 மி.மீ. படச்சட்டத்தின் பரப்பு 35 மி.மீ. சட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு சன்னல் வழியே போகும் பல்பு வெளிச்சம் பெரிய திரைக்குப் போதாது. அதனால் திரையையும் கூட்டத்தையும் சிறியதாக்கினார்கள். தூக்கிச்செல்லும் வசதிக்காகத் தெரிந்தே கொடுத்த விலை அது.

இன்று லேசர் வந்துவிட்டதே, பழங்கதை எதற்கு என்பார்கள். லேசர் உண்மையிலேயே பெரிய மாற்றம்: 20,000 மணி நேரம்வரை உழைக்கிறது, பல கருவிகளை எந்தக் கோணத்திலும் சாய்த்து வைக்கலாம், பழைய புரொஜக்டர்களின் செனான் விளக்குக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆனாலும் பரப்புக் கணக்கு மாறவில்லை. 12,000 லுமென் ஒளி 10 மீட்டருக்கு 6 மீட்டர் பரப்பில் விழுந்தால் சதுர மீட்டருக்கு 200 லுமென். நீள அகலத்தை இரட்டிப்பாக்கினால் 50 மட்டுமே. கருங்கல் அதிலும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கொல்லிமலை போன்ற இடத்தில் இதோடு வழியும் வானிலையும் சேர்ந்துகொள்கின்றன. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் ஏற வேண்டும். அந்த மலையில் வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி மாதத்தில் மேகம் இறங்கி வரும். பனிமூட்டத்தில் ஒளிக்கற்றை வழியிலேயே சிதறிப் படம் வெளுத்துப்போகும், லுமெனைக் கூட்டினாலும் அந்தச் சிதறலும் சேர்ந்தே கூடும். ஆகவே அங்கே ஒரே பெரிய கருவியைத் தொலைவில் நிறுத்துவதைவிட, இருவர் தூக்கக்கூடிய இரண்டு மூன்று கருவிகளைக் குறுந்தொலைவு லென்ஸோடு சுவருக்கு அருகில் வைப்பதே சரி. விளிம்புகளைப் பொருத்தும் வேலை கூடும்தான். ஆனால் ஒன்று நின்றுபோனாலும் சுவரின் மிச்சப் பகுதியில் படம் ஓடும்.