கன்று ஈன்ற மாடும், கழுவாத கையும்

மாடு கன்று போட்டாச்சு. கன்று எழுந்து சீம்பாலும் குடிச்சாச்சு. ஆனால் நஞ்சுக்கொடி மட்டும் விழாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. பொழுது சாயச் சாய வீட்டில் பதற்றம் கூடுகிறது. "கையை விட்டு எடுத்துடலாம், விடு" என்று யாராவது ஒருவர் சட்டையைக் கழற்றுகிறார். அந்தக் கை உள்ளே போவதற்கு முன்னால், கையைப் பற்றிய ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவச்சிகள் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பார்த்தார்கள். 1846ஆம் ஆண்டில் டாக்டர்கள் பிரிவில் 100 தாய்மார்களுக்கு 11 பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவிலோ 3 பேருக்கும் குறைவு. படித்தவர்கள் கையில்தான் சாவு அதிகம்! ஏன்?

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் யோசித்துப் பார்த்தார். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள். கெடுதல் கை வழியாகத்தான் கருப்பைக்குள் போகிறது என்று கண்டுகொண்டார். 1847 மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவினால்தான் உள்ளே வரலாம் என்று கட்டளை போட்டார். 1848இல் அதே பிரிவில் சாவு 100க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. கிருமியைப் பற்றி உலகம் தெரிந்துகொள்ளாத காலம் அது. அதனால் அவர் பேச்சைப் பலர் ஏற்கவில்லை.

பெண்ணின் கருப்பைக்குச் சொன்ன இந்த நியாயம் மாட்டின் கருப்பைக்கும் பொருந்தும். கன்று ஈன்றதும் கருப்பை வாய் திறந்து கிடக்கிறது; உள்ளே ரத்தமும் சதைத் துணுக்கும் இருக்கின்றன. கிருமிக்கு இதைவிட விருந்து வேண்டுமா?

கையால் வரும் ஆபத்து மாட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1897இல் டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பேங், மாடுகள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். அதுதான் புருசெல்லா நோய்க் கிருமி. இந்த நோய் கண்ட மாட்டில் நஞ்சுக்கொடியும் தங்கிவிடும். வெறுங்கையால் அந்தக் கொடியைத் தொட்டால் மனிதருக்கும் நோய் தொற்றி, மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வாட்டும்.

அப்புறம் மருந்துகளின் காலம் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராக இருந்த லெடர்லி நிறுவனத்தில், 1948இல் ஆரியோமைசின் என்ற மருந்து வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகையில் அதுதான் முதலாவது. பின்னால் அந்த வகை மருந்தை மாத்திரையாகச் செய்து கருப்பைக்குள் வைப்பது பரவலான வழக்கமாயிற்று. கொடியைக் கையால் பிய்த்து எடுப்பது, மாத்திரையை வைப்பது, அயோடின் கரைசலை உள்ளே விடுவது. இதுவே வெகுகாலம் வைத்தியமாக இருந்தது.

இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. கொடியும் கருப்பையும் ஏறக்குறைய 100 இடங்களில் பொத்தான் மாட்டியதுபோல் பிணைந்திருக்கின்றன. அது தானாக இளகி விடுபடணும். பிய்த்து இழுத்தால் கருப்பைச் சுவர் புண்ணாகிறது. அறுந்த துண்டு உள்ளேயே தங்கி அழுகுகிறது. காட்டமான கரைசல் கருப்பையின் உள்தோலை வேகவைத்துவிடும். உள்ளே வைக்கும் மருந்தும் சீழுக்கும் அழுக்குக்கும் நடுவில் சரியாக வேலை செய்வதில்லை. அதோடு அந்த மருந்து பாலிலும் கலக்கிறது.

1970களில் புரோஸ்டாகிளாண்டின் ஊசி மாடுகளுக்கு வந்தது. கருப்பையில் சீழ் தேங்கிப் பருவத்துக்கே வராத மாட்டை இந்த ஊசி பருவத்துக்குக் கொண்டுவரும். கருப்பை சுருங்கிச் சீழும் வெளியேறும். ஆனால் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசிவிடும். ஆகவே டாக்டர் பரிசோதித்த பிறகே போடணும். இந்த மருந்தைக் கர்ப்பிணிப் பெண்கள் தொடவே கூடாது.

சரி, நாம் செய்யவேண்டியது என்ன?

கன்று ஈனும் இடம் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும். கன்றை இழுத்து உதவ நேர்ந்தால், சோப்புப் போட்டு முழங்கைக்கு மேல்வரை கழுவி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொடி விழ 12 மணி நேரம் வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் தங்கினால் டாக்டருக்குச் சொல்லுங்கள். கல்லையோ செருப்பையோ அதில் கட்டித் தொங்கவிடாதீர்கள். விழுந்த கொடியை நாய் இழுக்காமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

ஈன்ற பிறகு இரண்டு வாரம் வரை, நாற்றமில்லாத செம்பழுப்பு அழுக்குப் போவது இயற்கை. நாற்றமடித்து நீராக ஒழுகினால், மாடு தீனி எடுக்காவிட்டால், காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே வைத்தியம் வேண்டும். டாக்டர் சொன்ன நாள் முழுக்க ஊசி போடுங்கள். அவர் சொல்லும் நாள்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் சீழ் வந்தால், அதைக் குணப்படுத்தாமல் சினை ஊசி போடுவது காசுக்கும் காலத்துக்கும் கேடு.

புருசெல்லா நோய்க்கு 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019இல் தொடங்கியது. உங்கள் கிடேரியை விட்டுவிடாதீர்கள்.

கையைக் கழுவ வேண்டும் என்று வியன்னாவில் தெரிந்தது. கையை உள்ளே விடாமல் பொறுக்கணும் என்று தெரிய அதற்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. பதறாத காரியம் சிதறாது. பொறுத்த கை, அடுத்த ஈற்றையும் காக்கும்.