வெளிச்சம் யாருக்கு, செலவு யார் கணக்கில்?

மேட்டூர் அணையில் தண்ணீர் ரொம்பக் குறைந்தால், பண்ணவாடிப் பக்கம் ஒரு கல் நந்தி தலைதூக்கும். அணைக்குள் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி அது. 1925-ல் கட்டத் தொடங்கி 1934-ல் முடித்த அணை. தண்ணீர் ஏற ஏற ஊர்கள் காலியாயின. 1937-ல் அங்கே மின் உற்பத்தி ஆரம்பம். கரியும் இல்லை, புகையும் இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால் பசுமை மின்சாரம்!

ஆனால் வீடு, நிலம், சாமி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேடேறியவர்களின் கணக்கு? புகை வரவில்லை என்பதாலேயே ஒரு மின்சாரம் நியாயமானது ஆகிவிடாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1987-ல் மேட்டூர் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. மொத்தம் நான்கு யூனிட், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். 2013-ல் இன்னொரு 600 மெகாவாட் சேர்ந்தது. ஒடிசா நிலக்கரி கப்பலேறி, ரயிலேறி இங்கே வருகிறது.

அதே 1987 செப்டம்பரில், கர்நாடகத்தில் குனிகல் பக்கம் புரா என்ற சின்ன கிராமத்தில் சாணி எரிவாயுவைக் கொண்டு ஒரு குட்டி ஜெனரேட்டர் ஓடியது. செய்தவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார். தலைமை, அமுல்ய ரெட்டி. அடிப்படையில் மின்வேதியியல் விஞ்ஞானி. 1974-ல் 'அஸ்த்ரா' என்று கிராமங்களுக்கான ஒரு ஆராய்ச்சிப் பிரிவை அங்கே தொடங்கியவர்.

முதலில் அவர்கள் நினைத்தது சமையல் வாயு. எல்லா வீட்டு அடுப்புக்கும் அது போதவில்லை, திட்டம் படுத்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார்கள். குடிதண்ணீர்! வாயுவில் மின்சாரம் எடுத்து பம்பை ஓட்டி, குழாயில் தண்ணீர் விட்டார்கள். விளக்கும் எரிந்தது. சாணி கொண்டுவந்தவர்களுக்குக் கூலி. அவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். எரிவாயு எடுத்தபின் மிஞ்சிய கழிவு எருவாக வயலுக்கே திரும்பியது.

திட்டம் காலத்துக்கும் நிலைக்கவில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி நிலைத்துவிட்டது: இதில் யாருக்கு லாபம், யார் சுமக்கிறார்கள்?

நான் பி.காம். படித்தவன். எனக்கு வரவு, செலவு என்று இரண்டு பக்கமும் இருந்தால்தான் அது கணக்கு. இப்போது சோலார், காற்றாலை, பேட்டரி வண்டி என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் மேட்டூரில் கரி அள்ளும் ஒப்பந்தக் கூலி, சாம்பல் ஏற்றும் டிரைவர், நாமக்கல்லில் டீசல் லாரிக்குக் கடன் வாங்கி வட்டி கட்டுகிறவர், பாடி கட்டும் பட்டறைக்காரர்... இவர்களெல்லாம் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்?

மெகாவாட்டை அளக்க மீட்டர் இருக்கிறது. இவர்கள் பிழைப்பை அளக்க ஒரு ஆள் நோட்டும் பேனாவுமாகப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய ஆராய்ச்சி அதுதான். அனல் நிலையத்தைப் பூட்டிய பிறகு அல்ல, அதற்கு முன்னால்!