கணக்கில் வராத பெண்மணிகள்

12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராய் விளங்கிய குன்றத்தூர்ச் சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தில், தனியடியார் 63 பேருள் பெண்கள் மூவரே: பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார், சம்பந்தரை மதுரைக்கு அழைப்பித்த பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார், சுந்தரரைப் பெற்ற இசைஞானியார். இந்த எண்ணிக்கையைக் கொண்டே அக்காவியத்தில் மகளிரின் ஸ்தானத்தை அளந்துவிடலாகாது. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் வகுத்துத் தந்த வரிசையைச் சேக்கிழார் மாற்றவில்லை. ஆயினும், அவ்வரிசைக்கு வெளியே நின்ற பெண்களின் விவேகத்தையே கதைகளின் அச்சாணியாக்கினார்.

இளையான்குடி மாறனாரின் இல்லத்தைப் பாருங்கள். செல்வமெல்லாம் அடியார்க்கு உணவளித்தே கரைந்துபோன பின், மழை கொட்டும் நள்ளிரவில் பசியோடு ஓர் அடியார் வந்து நிற்க, செய்வதறியாது கணவர் கலங்கும்போது, அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் அமுதாக்கலாம் என்று வழி சொல்பவள் அவர் மனைவியே. இருளில் காலால் தடவி நடந்து அவர் கொணர்ந்த முளைநெல்லை வாசலிலேயே வாங்கி, சேறு போகக் கழுவி, அவர் அறுத்துத் தந்த கூரை வரிச்சுகளை விறகாக எரித்து, ஈர நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கி, கொல்லைக் கீரையைப் பலவகைக் கறிகளாகச் சமைக்கிறாள். அந்த அம்மையின் பெயரைக் காவியம் சொல்லவில்லை. அவளுடைய புத்திகூர்மையையும் கைத்திறனையும் மட்டும் நம் கண்முன் நிறுத்துகிறது.

திலகவதியாரும் 63 பேரில் சேராதவரே. மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார் என்று கேட்டு உயிர்விடத் துணிந்தவர், தம்பி மருணீக்கியாரின் கண்ணீருக்காக உயிர் தாங்கினார். அத்தம்பி பின்னர்ச் சமணத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று, சூலை நோயால் வாடி, இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து அடிபணிந்தபோது, குற்றம் ஒன்றும் சாற்றாமல் திருநீறு அளித்து, அலகும் மெழுகு சாணமும் தோண்டியும் ஏந்திக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் மருணீக்கியார் நாவுக்கரசரானார்.

ஆகவே, அப்பர் என்றும் அழைக்கப்படும் அந்த நாவுக்கரசரின் தேவாரத்தை ஓதக் கேட்கும்போதெல்லாம், இருள் பிரியாத வேளையில் அலகேந்தி முன்னே நடந்த அந்தத் தமக்கையையும் நினைத்து வணங்குவதே, சேக்கிழார் உள்ளத்தை அறிந்தவர் செய்யத்தக்கது.