பூந்தமல்லி சாலையும் பள்ளிக்கூடத்துக் கண் பரிசோதனையும்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பள்ளிகளில் நடக்கும் கண் பரிசோதனையின் தொடக்கம் அம்பத்தூரிலோ ஆவடியிலோ இல்லை. எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் இருக்கிறது. 1819இல் ராபர்ட் ரிச்சர்ட்சன் பொறுப்பில் ராயப்பேட்டையில் தொடங்கிய அந்த மருத்துவமனை 1884இல் எழும்பூருக்கு இடம் மாறியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை (1805) அதற்குப் பதினான்கு ஆண்டுகளே மூத்தது. பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலை வழியாகவும், ஆவடி, அம்பத்தூரிலிருந்து ரயிலிலும் நகருக்கு வந்து சேர்வது எளிது. அதனால் பிள்ளையின் கண்ணில் கோளாறு என்றால் எழும்பூருக்குக் கூட்டிப்போவதே நெடுங்கால வழக்கம்.

அந்நாளில் அங்கு வந்த பிள்ளைகளின் நோய் எழுத்துப் படிப்பதோடு தொடர்புடையதல்ல, சோற்றோடு தொடர்புடையது. அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆர். இ. ரைட், தென்னிந்தியாவில் கருவிழி மென்மையாகிக் கரைந்துபோகும் நோயைப் பற்றி 1922இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். வைட்டமின் ஏ குறைபாட்டால் வருவது அது. முதலில் மாலைக்கண், பிறகு வெண்விழி வறட்சி, கடைசியில் கருவிழியே போய்விடும். 1937இல் ரைட்டும் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் ஐக்ராய்டும் சிவப்புப் பாமாயிலைக் கொடுத்து இதற்கு மருத்துவம் பார்த்த விவரத்தை வெளியிட்டனர். குழந்தையின் கண்ணைச் சோதிப்பது என்றால் அன்று இமையை விலக்கி வெளிச்சத்தில் கருவிழியைப் பார்ப்பதுதான். 1970இல் வைட்டமின் ஏ சொட்டு மருந்து தேசியத் திட்டமாக வந்தது. ஆனால் 1956இல் காமராசர் ஆட்சியின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் அதோடு சேர்ந்த முட்டை ஆகியவற்றைக் கண் மருத்துவத் திட்டங்களின் பட்டியலில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. சேர்த்திருக்கலாம்.

கரும்பலகை தெரியாத பிள்ளை என்பது பிற்காலத்துச் சிக்கல். ஐரோப்பாவில் அது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. உட்ரெக்ட் நகரத்து ஸ்னெல்லன் 1862இல் எழுத்து அட்டையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் பிரெஸ்லாவ் நகரத்து ஹெர்மன் கோன் 10,060 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் கூடுகிறது என்று காட்டினார். சென்னையின் மேற்கில் அந்த நிலைமை தொழிற்சாலைகளுக்குப் பின்னால்தான் வந்தது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வயல்வெளியும் ஏரிக்கரையும் குடியிருப்புகளாயின. வேலைக்கு வந்த குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தன, வகுப்பறைகள் நிரம்பின, கடைசி பெஞ்சு கரும்பலகையிலிருந்து வெகுதூரம் போனது. தடித்த கண்ணாடி போட்ட பையனுக்குச் ‘சோடாபுட்டி’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது.

பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தை ஆராய நடுவண் அரசு 1960இல் ரேணுகா ரே தலைமையில் குழு அமைத்தது. 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் பிறந்தது. ஆனால் அதன் பெருங்கவனம் முதியோரின் கண்புரை மேல் இருந்தது. பள்ளிக்கூடம் அதற்குள் முறையாக வந்தது 1994இல்தான். அப்போது எடுத்த முடிவு எளிமையானது: டாக்டர் பள்ளிக்கு வருவதற்கு முன் ஆசிரியரே முதல் சல்லடையைப் பிடிக்கட்டும்.

அந்தச் சல்லடையின் கணக்கு இது. வெளிச்சமுள்ள வராந்தாவில் 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அடி அளந்து கோடு போட வேண்டும். அட்டையில் ஆங்கில ‘ஈ’ எழுத்து நான்கு திசைகளில் திரும்பி நிற்கும். அதன் மூன்று கால்கள் எந்தப் பக்கம் நீட்டுகின்றன என்று பிள்ளை கையால் காட்டினால் போதும். எழுத்தே தெரியாத பிள்ளைக்கும் இது பொருந்தும். ஒரு கண்ணை மூடி மறு கண், பிறகு மாற்றி. எழுத்தின் உயரம் சுமார் 13 மில்லிமீட்டர். சரியான பார்வை உள்ளவர் அதை 9 மீட்டரிலிருந்தே அறிந்துவிடுவார். 6 மீட்டரிலும் திணறும் பிள்ளை 6/9 என்ற வரம்பைத் தாண்டவில்லை என்று பொருள். அந்தப் பெயர்கள் மட்டும் கண் மருத்துவ உதவியாளருக்குப் போகும். அவர் பவர் பார்த்து, வசதியற்ற பிள்ளைக்கு இலவசக் கண்ணாடி எழுதித் தருவார். விரல் சந்து வழியே எட்டிப் பார்ப்பதும், முன்னால் நின்றவன் சொன்னதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும் இந்தச் சோதனையோடு கூடவே பிறந்தவை. கண்ணை விரலால் மூடாமல் உள்ளங்கையால் மூடச் சொல்வதும், அட்டையை அடிக்கடி திருப்பிப் பிடிப்பதும் அதனால்தான்.

இந்தப் பள்ளித் திட்டத்தின் பெரிய குறை வயது. 10 முதல் 14 வரையுள்ளவர்களைக் குறிவைத்ததால் கிட்டப்பார்வை நன்றாகச் சிக்கியது. ஆனால் ஒரு கண் மட்டும் மங்கி, மூளை அதை ஒதுக்கிவிடும் ‘சோம்பேறிக் கண்’ ஏழெட்டு வயதுக்குள் கவனிக்கப்பட வேண்டியது. மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளையும் சொல்லாது, வீட்டாருக்கும் தெரியாது. பிறப்பு முதல் 18 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் நடமாடும் குழுக்கள் சோதிக்கும் தேசியச் சிறார் நலத்திட்டம் 2013இல் வந்த பிறகே அந்த இடைவெளி ஓரளவு அடைபட்டது. இதற்கு நடுவே தமிழக அரசு 2009இல் பள்ளி மாணவர்களுக்கென்றே ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

இவற்றை நடத்தும் அலுவலகங்களும் மாறிக்கொண்டே இருந்தன. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த இந்த ஊர்கள் 1997இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது; 2019இல் ஆவடி தனி மாநகராட்சியானது; பூந்தமல்லி அப்போதும் நகராட்சியாகவே நீடித்தது. அடுத்தடுத்த ஊர்களின் பிள்ளைகள் வெவ்வேறு உள்ளாட்சிகளின் கீழ் வந்தார்கள்.

பூந்தமல்லிக்குக் கண்ணோடு வேறொரு பழைய உறவும் உண்டு. பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி அங்கே இயங்குகிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோர் அதிகாரமளிப்புக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். கண்ணாடியால் சரியாகும் பிள்ளையையும் பிரெய்ல் தேவைப்படும் பிள்ளையையும் பிரித்தறிவதும் பரிசோதனையின் வேலையே.

2017இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் தன் சென்னைக் கிளையைத் திறந்தது. கண்ணுக்காக நகரை நோக்கிப் போன சாலையில், பெரிய கண் மருத்துவமனை ஒன்று புறநகருக்கே வந்தது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் மேல் வகுப்புகளுக்குச் சில வாரங்கள் திறந்ததைத் தவிர, 2021 செப்டம்பரில் மேல் வகுப்புகளுக்கும் நவம்பரில் கீழ் வகுப்புகளுக்கும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் பல பிள்ளைகளுக்குப் பாடம் கைபேசித் திரையில் நடந்தது. வகுப்பறை இல்லாததால் ஆசிரியரின் 6 மீட்டர் கோடும் இல்லை. திரும்பி வந்த பிள்ளைகளுக்காக அந்தக் கோடு மறுபடி அளந்து போடப்பட்டது.