கார்த்திகை மழையில் சைக்கிள்

மழையில் சைக்கிள் விடுவதற்குத் தனியாக ஓர் உற்சாகம் வேண்டும் என்று சிலர் இந்நாளில் சொல்லக் கேட்கிறேன். சென்னைப் பட்டணத்துப் பால்காரரும் பத்திரிகை போடும் பையனும் தபால்காரரும் அப்படியொரு வஸ்துவைத் தேடிப் போனதாக எனக்கு நினைவில்லை; விடியுமுன் செம்பும் கையுமாக வாசலில் நிற்கும் வீட்டுக்காரர்கள் அவர்களுக்கு வேறு உபாயம் எதையும் விட்டுவைக்கவில்லை.

அவர்கள் ஏறிய வாகனமும் மழையை அறியாத தேசத்தில் பிறந்ததன்று. 1885-இல் ஸ்டார்லி என்பவர் கவென்ட்ரியில் செய்த ரோவர் வண்டியின் வமிசத்தில் வந்து, 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயரைப் பூண்டுகொண்ட இங்கிலீஷ் சைக்கிள், சேறு தெறிக்காமலிருக்க மட்கார்டும், சங்கிலி நனையாமலிருக்க செயின் கவரும் தரித்தே இங்கு வந்து இறங்கிற்று. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளும் அந்தச் சம்பிரதாயத்தையே அனுசரித்தன.

ஆனால் லண்டன் மழை தூறல் ஜாதி. அந்நகரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல், ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை காணும் சென்னையில், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த வெள்ளத்தில் இரும்பு ரிம்மைப் பற்றவேண்டிய ரப்பர் கட்டை வழுக்கும்; பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி தன் மனம்போலச் சென்று, முடிவில் செருப்புக்காலைத் தரையில் தேய்த்தால்தான் நிற்கும். டயரோடு உராய்ந்து சுழலவேண்டிய டைனமோவும் ஈரத்தில் நழுவி, வெளிச்சம் மிகவும் வேண்டிய சமயத்திலேயே விளக்கு கண் மூடிக்கொள்ளும். விளக்கில்லாத வண்டியைப் பிடிக்கும் போலீஸ்காரரும் நல்லவேளையாக அப்போது ஏதேனும் கடைத் திண்ணையில் ஒதுங்கியிருப்பார்.

எங்கள் தெருப் பால்காரர் மழைக்கோட்டு கண்டவரல்லர். கோணிச்சாக்கின் ஒரு மூலையை மற்றொன்றுக்குள் மடித்துக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காரியரின் இருபுறமும் தொங்கும் கேன்களின் மூடிக்கடியில் ஈரத்துணி திணித்து, முழங்காலளவு நீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். ஆழாக்கில் அளந்து ஊற்றிய பாலை லாந்தர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என் பாட்டி கேட்பாள்:

“ஏன்டாப்பா, மழை உன் தலையிலே பெய்ததைவிடக் கேனுக்குள்ளே அதிகமோ?”

“மூடி சரியில்லே அம்மா,” என்பார் அவர், கார்த்திகை முழுவதும்.